நம்ம வண்டி வந்துருச்சுங்க

என்னைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிள் வாங்கி வருகிறார்கள். கூடவே ஒரு வாக்கியத்தையும் கொண்டுவருகிறார்கள். அம்மன் வண்டி மட்டும் அன்றைக்கு இல்லாமல் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்டுவிட்டு, பதிலையும் அவர்களே சொல்லிக்கொள்கிறார்கள். நான் தலையை ஆட்டிவைக்கிறேன். நான் வாயைத் திறந்து முதல் சொல்லைத் தேடிக்கொண்டிருக்கும்போதே அவர்கள் காபியைக் குடித்து முடித்து எழுந்துவிடுவார்கள். பேச்சு வராத ஒருத்தி கிடைத்தால் ஊருக்கே கொண்டாட்டம்தான். ஆளாளுக்கு என் கதையை எனக்கே சொல்லிவிட்டுப் போகிறார்கள். அதனால்தான் இடது கைக் கட்டைவிரலால் இதைச் செல்போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். ஒரு பக்கம் முடிக்க இரண்டு மூன்று நாள் ஆகிறது. ஆனாலும் நடுவில் யாரும் புகுந்து பேச முடியாது என்பது ஒரு சௌகரியம்.

கோயமுத்தூரை அடுத்த பெரியநாயக்கன்பாளையத்தில் எங்களுக்கு ஒரு வைண்டிங் பட்டறை இருக்கிறது. பம்பு கம்பெனிகள் மோட்டாரின் வெளி வளையத்தை அனுப்புவார்கள். அதற்கு ஸ்டேட்டர் என்று பெயர். அதன் உள்பக்கத்தில் வரிசையாகப் பள்ளங்கள் இருக்கும். செம்புக் கம்பிச் சுருளை மேல்பூச்சு உரியாமல் அந்தப் பள்ளங்களில் விரலால் அழுத்தி இறக்க வேண்டும். இருபது வருஷமாக இந்த வேலைதான் செய்தேன். ஏழு பெண்களுக்குக் கற்றுக்கொடுத்து அவர்களையும் கூட வைத்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் முன்னறையில் இருந்து வரவையும் அனுப்புவதையும் பார்த்துக்கொள்வார். அவர் நல்லவர். யாருக்கும் முடியாது என்று சொல்லத் தெரியாதவர். இந்தக் கதைக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம்.

அது ஒரு வெள்ளிக்கிழமை. காலைக் காபி குடித்துவிட்டு உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் கையில் இருந்த சுருள் கீழே விழுந்தது. குனிந்து எடுக்கப் போனேன். வலது கை வரவில்லை. பக்கத்தில் இருந்த மரகதத்திடம் எடுத்துத் தரச் சொன்னேன். சொன்னதாகத்தான் நினைத்தேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டு எழுந்து ஓடினாள். வாய் ஒரு பக்கமாக இறங்கியிருந்ததாம். என் வீட்டுக்காரர் வந்து பார்த்ததும் நூற்றியெட்டைக் கூப்பிட்டார். இதை அழுத்திச் சொல்கிறேன். முதலில் அவர் செய்தது சரியான காரியம். இரண்டாவதாக அவர் செய்தது தம்பியைக் கூப்பிட்டது. எங்கள் குடும்பத்தில் காய்ச்சல் வந்தால்கூட டாக்டருக்கு முன்னால் தம்பிக்குச் சொல்லிவிட வேண்டும். சொல்லாவிட்டால் வருஷக்கணக்கில் மனத்தாங்கல் நிற்கும்.

நூற்றியெட்டு சீக்கிரமே வந்தது. வண்டியில் இருந்த மருத்துவ உதவியாளர் இளவயசுக்காரர். என்னைச் சிரிக்கச் சொன்னார், இரண்டு கையையும் தூக்கச் சொன்னார், பெயரைக் கேட்டார். மூன்றிலும் நான் தோற்றேன். இது பக்கவாதம் போலத் தெரிகிறது, தலையை ஸ்கேன் எடுக்கிற வசதியும் நரம்பு டாக்டரும் இருக்கிற ஆஸ்பத்திரிக்கு நேராகப் போக வேண்டும், நான் முன்கூட்டியே போனில் சொல்லிவிடுகிறேன் என்றார். ஸ்ட்ரெச்சரை விரித்தார். அப்போதுதான் வாசலில் இன்னொரு சைரன் கேட்டது.

எங்கள் குலதெய்வக் கோயில் அறக்கட்டளை ஒரு ஆம்புலன்ஸ் வாங்கிவிட்டிருந்தது. அண்ணன் போன் பண்ணியதும் அந்த வண்டியோடு வந்து நின்ற என் கொழுந்தனார்தான் அதற்குப் பொருளாளர். வண்டியின் நெற்றியில் அம்மன் பெயர், பின்கதவில் அறங்காவலர்கள் பெயர் என்று எல்லாமே பெரிய எழுத்தில் இருக்கும். பூஜை போட்டு, டயருக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, ஊருக்கே சாப்பாடு போட்டு எடுத்தார்கள். உள்ளே படுக்கை, மின்விசிறி, மஞ்சள் துணி கட்டிய ஆக்சிஜன் சிலிண்டர் எல்லாம் இருந்தன. ஓட்டுகிறவர் முன்பு பள்ளிக்கூட வேன் ஓட்டியவர். பின்னால் நோயாளிக்குப் பக்கத்தில் உட்காருவதற்கென்று யாரையும் அவர்கள் வைக்கவில்லை. வைக்க வேண்டும் என்று யாரும் கேட்கவும் இல்லை. சொந்தக்காரர்கள்தான் உட்காருவார்கள்.

இரண்டு வண்டிகளுக்கும் நடுவில் நான் தரையில் கிடந்தேன். காது நன்றாகக் கேட்டது. பக்கவாதம் வந்தவர்களுக்கு ஒன்றும் தெரியாது என்று நினைத்துப் பேசுகிறவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும். என் வீட்டுக்காரர் அந்த இளைஞரையும் பார்த்தார், தம்பியையும் பார்த்தார். பிறகு அந்த இளைஞரைக் கும்பிட்டார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க தம்பி. நம்ம வண்டி வந்துருச்சுங்க."

"அந்த வண்டில யாருங்க இருக்காங்க?" என்று கேட்டார் அவர்.

"நாங்க எல்லாரும் இருக்கறமுங்க," என்றார் கொழுந்தனார்.

அந்த இளைஞர் இன்னும் ஒரு தடவை சொல்லிப் பார்த்தார். வீட்டார் வேண்டாம் என்ற பிறகு அவரால் என்னைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வேண்டாம் என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் போக முடியும். என் வீட்டுக்காரர் கையெழுத்துப் போட்டுக்கொடுத்தார். போட்டுவிட்டு, இருந்து காபி குடித்துவிட்டுப் போகச் சொல்லி உபசரித்தார். எங்கள் மண்ணின் மரியாதையைப் பற்றிப் பெருமையாகப் பேசுகிறவர்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் காபிதான் ஞாபகத்துக்கு வருகிறது. அவர் குடிக்காமல் போய்விட்டார். நான் கத்தினேன். அது வெறும் முனகலாக வந்தது. வலி போலிருக்கிறது, சீக்கிரம் ஏற்றுங்கள் என்றார்கள்.

கோயில் வண்டிக்கு ஒரு வழக்கம் இருந்தது. நோயாளியை ஏற்றினால் கோயில் வாசலில் நிறுத்தி, தீர்த்தம் வாங்கிக் கொடுத்த பிறகுதான் மேட்டுப்பாளையம் ரோட்டில் ஏறும். அன்றைக்கும் நிறுத்தினார்கள். வெள்ளிக்கிழமை என்பதால் கூட்டம். பூசாரி வருவதற்குக் காத்திருந்தோம். என் வீட்டுக்காரர் என் தலையை மடியில் வைத்து, அழுதுகொண்டே, தன் கையால் தீர்த்தத்தை என் வாயில் ஊற்றினார். பக்கவாதம் வந்தால் தொண்டையிலும் ஒரு பக்கம் செத்துப்போயிருக்கும். வயிற்றுக்குப் போக வேண்டிய தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். அப்படிப்பட்டவருக்கு ஒரு சொட்டுகூட வாய்வழியாகக் கொடுக்கக் கூடாது என்பது இந்த வேலை படித்தவர்களுக்கு முதல் பாடம். எனக்குப் புரையேறிக் கண் பிதுங்கியது. அம்மன் உள்ளே இறங்கிவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். இறங்கியது நுரையீரலில்.

அங்கிருந்து போன ஆஸ்பத்திரி கோயிலுக்கு வேண்டப்பட்டது. எங்கள் ஆட்களுக்குச் சலுகை உண்டு என்பதால் டிரைவர் யாரையும் கேட்காமல் அங்கேதான் விடுவார். அன்பான இடம். நாற்காலி போட்டார்கள், ரத்த அழுத்தம் பார்த்தார்கள், பாட்டில் ஏற்றினார்கள். ஸ்கேன் மட்டும் அங்கே இல்லை. நரம்பு டாக்டர் சாயங்காலம் வருவார் என்றார்கள். வெளியே ஒரு ஸ்கேன் சென்டருக்கு என்னைத் தூக்கிப் போய், வரிசையில் படுக்கவைத்து, படம் எடுத்து, திரும்பக் கொண்டுவந்தார்கள். படத்தைப் பார்த்த டூட்டி டாக்டர் முகம் மாறிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகச் சொன்னார். மறுபடியும் அதே வண்டியில் பீளமேட்டில் இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் சைரன் அடித்தது. அந்தச் சத்தத்தைத் தவிர எனக்கு வேறு சிகிச்சை எதுவும் அந்த வண்டியில் நடக்கவில்லை.

பீளமேட்டில் என்னைப் பார்த்த நரம்பு டாக்டர் ஒரு பெண். எப்போது ஆரம்பித்தது என்பதுதான் அவர் முதலில் கேட்ட கேள்வி. ஆளுக்கு ஒரு நேரம் சொன்னார்கள். கடைசியில் பின்னாலேயே பஸ் பிடித்து வந்த மரகதம்தான் சரியான நேரத்தைச் சொன்னாள். டாக்டர் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்குப் போட்டார். பிறகு என் வீட்டுக்காரருக்கு விளக்கினார். மூளைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒரு ரத்தக்கட்டி அடைத்திருக்கிறது. அதைக் கரைக்க ஊசி உண்டு. அடைத்த நேரத்திலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தாண்டிப் போட்டால் மூளைக்குள் ரத்தம் கசியலாம். ரத்தக்குழாய்க்குள் மெல்லிய கம்பியை விட்டுக் கட்டியை எடுக்கலாமா என்றும் பார்த்தார்கள். என் அடைப்பு அதற்குத் தோதான இடத்தில் இல்லை.

"கொஞ்சம் முன்னாடி வந்திருந்தா போட்டிருக்கலாமுங்க," என்றார்.

கொஞ்சம்தான். பூசாரிக்குக் காத்திருந்தது கொஞ்சம், ஸ்கேன் வரிசையில் படுத்திருந்தது கொஞ்சம். ஒன்றும் பெரிதாக நடந்துவிடவில்லை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் இருந்ததற்குக் காரணம் மூளை பாதி, நுரையீரல் பாதி. தீர்த்தம் போன இடத்தில் நிமோனியா கட்டியது. மூக்கு வழியாக வயிற்றுக்கு ஒரு குழாய் விட்டார்கள். கஞ்சி, மருந்து எல்லாம் அதில்தான் போயிற்று. அங்கே பகல் இரவு கிடையாது. விளக்கு எப்போதும் எரியும், ஏதாவது ஒரு மிஷின் கத்திக்கொண்டே இருக்கும். எனக்குச் சாவு பயத்தைவிட வேறு ஒரு பயம் பெரிதாக இருந்தது. மனசுக்குள் வார்த்தைகளை ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்ப்பேன். கத்தரி, கம்பி, வார்னிஷ். உள்ளே எல்லாம் இருந்தன. வாய்க்கு வரும் வழி மட்டும் அடைபட்டிருந்தது. இப்படியே இருந்துவிட்டால் நடந்ததை நான் யாரிடமும் சொல்லவே முடியாது என்று நினைத்து நடுங்கினேன்.

வார்டுக்கு மாற்றிய பிறகு கரண்டியில் கெட்டியாகக் கரைத்த ஒன்றை வைத்து விழுங்கப் பழக்கினார்கள். என் வீட்டுக்காரர் யூடியூபைப் பார்த்து எனக்குத் தலை பின்னக் கற்றுக்கொண்டார். பின்னல் காதுக்கு மேலே நிற்கும். பட்டறைப் பெண்கள் ஞாயிற்றுக்கிழமை எல்லோருமாக வந்தார்கள். என்ன பேசுவது என்று தெரியாமல் என் கைகால் நகத்தையெல்லாம் வெட்டிவிட்டுப் போனார்கள். வலது கையில் வெட்டியது எனக்குத் தெரியவே இல்லை. அன்றைக்குத்தான் முதல் முறையாக அழுதேன். கொழுந்தனாரும் தினம் வந்தார். காப்பீட்டில் வராத பாக்கியை யாரிடமும் சொல்லாமல் அவர் கட்டிவிட்டார். அவர் மேல் கோபப்படக்கூட எனக்கு வழியில்லாமல் போயிற்று.

வீட்டுக்கு வந்து, நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் வந்ததும், மரகதத்தைக் கூட்டிக்கொண்டு ஒரு வக்கீலைப் பார்த்தேன். யார் என்ன சட்டத்தை மீறினார்கள் என்று தெரிய வேண்டும் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். வண்டிக்குப் பதிவு இருக்கிறதா, தகுதிச் சான்று இருக்கிறதா, டிரைவருக்கு லைசென்ஸ் இருக்கிறதா என்றார். எல்லாம் இருந்தன. முதல் ஆஸ்பத்திரி உங்களைத் திருப்பி அனுப்பினார்களா என்றார். இல்லை, அன்பாகச் சேர்த்துக்கொண்டார்கள். நூற்றியெட்டை வேண்டாம் என்றது யார் என்றார். கையெழுத்து என் வீட்டுக்காரருடையது. வண்டியில் பயிற்சி பெற்ற ஆள் இல்லை, சரியான இடத்துக்குக் கொண்டுபோகவில்லை என்று சொல்லி இவர்களைக் கோர்ட்டில் நிறுத்துகிற அளவுக்குச் சட்டத்தில் பிடி இல்லை என்று கையை விரித்தார். எல்லோரும் ஒழுங்காக நடந்துகொண்டிருக்கிறார்கள். என் கைதான் ஒழுங்காக நடந்துகொள்ளவில்லை.

இதற்கப்புறம் அவசர ஊர்தி விதிகளைத் திருத்தப் போகிறார்கள், மக்களிடம் கருத்துக் கேட்கிறார்கள் என்று பேப்பரில் பார்த்தேன். யாருடைய வண்டியானாலும் நோயாளி பக்கத்தில் பயிற்சி பெற்ற ஆள் இருக்க வேண்டும், நோய்க்கு ஏற்ற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும் என்கிற மாதிரி சில யோசனைகள் இருந்தன. கூட்டம் கோயமுத்தூரில், கலெக்டர் ஆபீஸ் அரங்கில். போக வேண்டும் என்றேன். எதற்கு என்று என் வீட்டுக்காரர் கேட்கவில்லை. பஸ்ஸில் கூட்டிப் போனார்.

அரங்கில் வண்டி வைத்திருப்பவர்கள்தான் அதிகம். எங்கள் அறக்கட்டளைக்காரர்களும் வந்திருந்தார்கள். கோயில், சங்கம், அறக்கட்டளை வண்டிகளுக்கு மட்டும் விதியிலிருந்து விலக்குக் கேட்க என் கொழுந்தனார் எழுந்தார். நன்றாகப் பேசினார். பேசிக்கொண்டே வந்தவர் என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

"இதா, என்ற நங்கையே உக்காந்திருக்காங்க பாருங்க. அன்னைக்கு எங்க வண்டி இல்லீன்னா இன்னைக்கு இவிய இல்லீங்க. படிச்ச ஆளைச் சம்பளத்துக்கு வெச்சாத்தான் ஓட்டோணும்னா எந்தக் கோயிலுங்க ஓட்டும்?"

எங்கள் பக்கம் என்னுடைய என்பதை என்ற என்போம், அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். அவர் கண் கலங்கியிருந்தது. அவர் பொய் சொல்லவில்லை. முழுசாக நம்பித்தான் சொன்னார். நம்பாதவராக இருந்திருந்தால் எனக்குச் சண்டை போட வசதியாக இருந்திருக்கும். அரங்கம் கை தட்டியது. முன்னால் உட்கார்ந்திருந்த அதிகாரி, அம்மா இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கைக் கொடுக்கச் சொன்னார். நான் எழுந்ததற்கே இன்னொரு தடவை கை தட்டினார்கள்.

வீட்டில் நான் தோ என்றால் என் வீட்டுக்காரர் தோசை என்பார், த என்றால் தண்ணீர் வந்துவிடும். பிரியமாகத்தான் செய்கிறார். அதனால் நான் ஒரு வாக்கியத்தை முடித்து ரொம்ப நாளாகிவிட்டது.

"அந்த... வண்டியில..." என்று ஆரம்பித்தேன்.

"அந்த வண்டியிலதானுங்க கூட்டிட்டுப் போனோம், அம்மன் புண்ணியத்துல..." என்று பக்கத்தில் இருந்த என் வீட்டுக்காரர் ஆரம்பித்துவிட்டார்.

இடது கையால் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். நகம் பதிகிற அளவுக்குப் பிடித்தேன்.

"இல்ல," என்றேன். "ஆளு... இல்ல."

அதற்கு மேல் வரவில்லை. உள்ளே அத்தனையும் வரிசையாக நின்றது. வாய் வரை வந்து திரும்பிப் போயிற்று. அடுத்தவர் பேச நேரமாகிவிட்டது என்று மணி அடித்தார்கள். அதிகாரி தன்மையாக, சிரமப்பட வேண்டாம், எழுதிக் கொடுத்துவிடுங்கள் அம்மா என்றார்.

என் வீட்டுக்காரர் என் வலது கையைப் பார்த்தார். பிறகு மைக்கை வாங்கினார்.

"நூத்தியெட்டு வந்துச்சுங்க. அந்தத் தம்பி சரியாத்தானுங்க சொன்னாரு. நாந்தான் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பிச்சுப்போட்டேன். வேண்டாம்னா என்ற தம்பி மனசு சங்கடப்படும்னு அனுப்பிச்சேனுங்க. எங்களுக்கு முடியாதுன்னு சொல்ல வராதுங்க. அன்னைக்கு இப்பிடி ஒரு சட்டம் இருந்திருந்தா, நான் என்ன பண்றது தம்பி, சட்டம் உடமாட்டீங்குதுன்னு சொல்லியிருப்பனுங்க. யாருக்கும் வருத்தமிருந்திருக்காது. கோயில் வண்டிக்கு விலக்கு மட்டும் குடுத்துப்போடாதீங்க."

யாரும் கை தட்டவில்லை. கொழுந்தனார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதிகாரி குறித்துக்கொள்ளச் சொல்லிவிட்டு அடுத்த பெயரைக் கூப்பிட்டார். விதி எப்போது வரும், வந்தால் அதில் என்ன இருக்கும் என்று இதை எழுதுகிற இன்றுவரை எனக்குத் தெரியாது. கேட்டால் பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள்.

வெளியே வந்தபோது வெயில் கொளுத்தியது. அறக்கட்டளைக்காரர்கள் ஆம்புலன்ஸிலேயே வந்திருந்தார்கள். வேப்பமர நிழலில் அது நின்றது. கொழுந்தனார் கண்ணெல்லாம் சிவந்து பக்கத்தில் வந்தார். அவ்வளவு நடந்த பிறகும் மரியாதை மட்டும் அவரை விட்டுப் போகவில்லை.

"நங்கைக்கு வெயில் ஆகாதுங்கண்ணா. நம்ம வண்டியிலயே போயர்லாம் வாங்க."

என் வீட்டுக்காரர் தம்பியின் தோளில் கை வைத்தார்.

"வேண்டாந் தம்பி. நாங்க பஸ்லயே போயிக்கறோம்."

அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. தம்பி தலையை ஆட்டிவிட்டுப் போய் வண்டியில் ஏறிக்கொண்டார். இவ்வளவு சின்ன வார்த்தையா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். துடியலூர் தாண்டியதும் திரும்பினேன். என் வலது கையை எடுத்து அவர் தன் இரண்டு கைகளுக்குள்ளும் வைத்து அழுத்திப் பிடித்திருந்தார். எப்போதிலிருந்து பிடித்திருக்கிறாரோ, பார்த்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.